லிஃப்ட் கதவில் ஒரு ரிஃப்

அயனம்பாக்கத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. மை பூசிய மீசை, சிரிக்காத முகம். ராக் பாட்டில் திரும்பத் திரும்ப வருமே ரிஃப் என்ற குட்டி மெட்டு, அதில் எனக்கு உயிரான ஒன்றை மாலைதோறும் கிதாரில் வாசிப்பேன். உடனே ஒட்டடைக்கம்பால் தன் வீட்டு சீலிங்கை இடிப்பார்.

ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் லிஃப்டில் மாட்டிக்கொண்டோம். அபாய மணி வேலை செய்யவில்லை, போனில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கியது. மாடியில் டைல்ஸ் வேலை நடந்ததால் இதையும் அந்தச் சத்தம் என்றே நினைத்து யாரும் சட்டை செய்யவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது, மூச்சு இழுத்தது.

"தள்ளிக்கோ நைனா," என்று சாவிக்கொத்தால் கதவில் தட்ட ஆரம்பித்தார். என்னுடைய ரிஃப். ஓர் அடிகூடப் பிசகவில்லை.

"இத்தக் கேட்டா உன் ஊட்டுக்காரிக்குத் தெரியும்ல, நீதான்னு."

தெரிந்துவிட்டது. வாட்ச்மேனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

மறுநாள் மாலை அதையே வாசித்தேன். கீழே ஒட்டடைக்கம்பு இடித்தது. சட்டென்று நிறுத்தினேன். நான் விட்ட இடத்திலிருந்து ரிஃப் முடியும்வரை அந்த இடி நிற்கவில்லை.