சாயங்காலம் டொரண்டோ

டிராவல்ஸ் சந்தனசாமி போய்ச் சேர்ந்துவிட்டார்... இன்று காலை, மன்னார்புரம் வீட்டில், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள்.

தில்லை நகரில் தீப்பெட்டி அளவு ஆபீஸில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க விமான டிக்கெட் விற்றவர். பூமியை எலுமிச்சம்பழமாகச் சுருக்கிய மாமேதை. இவருக்கு இணையான புளுகர் காவிரிக்கு அந்தக் கரையிலும் இல்லை, எங்கள் ஸ்ரீரங்கத்துக் கரையிலும் இல்லை.

டொரண்டோ எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில். "விடியக்காலைல ஏறுங்க, சாயங்காலம் இறங்கிடலாம்."

அங்கே கடிகாரம் நமக்குச் சுமார் பத்து மணி நேரம் பின்னால் ஓடுவதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். தொழில் ரகசியமாம்.

நானும் நம்பி, மதியத்துக்கு மட்டும் ஒரு டப்பா புளியோதரையோடு ஏறினேன். இறங்கும்போது எனக்கு முனிவர் அளவுக்குத் தாடி.

திரும்பி வந்தது இன்னும் கொடுமை. சாயங்காலம் ஏறியவன், நடுவில் ஒரு கிழமையையே பறிகொடுத்து, மறுநாளையும் தாண்டி அதற்கடுத்த விடியலில் திருச்சியில் வந்து விழுந்தேன். நேராக அவர் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

மனுஷன் அசரவே இல்லை. "வர்றதுக்கு என்னங்க அவசரம்?" என்று எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

இதே கணக்கை வீட்டிலும் விற்றிருக்கிறார், பாவி. ஒரே மகள் ஜெனி இருப்பது அதே டொரண்டோவில்.

பிள்ளை சாயங்காலம் வந்துவிடுவாள் என்று அவர் மனைவி, எங்கள் அண்ணி, காலையில் எல்லோரிடமும் சொல்ல... சந்தனசாமியின் தம்பி, அகில உலக ஏற்பாடுகளின் அதிபதி, சர்ச்சில் பூசைக்குச் சொல்லி, "இன்று மாலை அடக்கம்" என்று தெருவையே மறைக்கும் பிளெக்ஸும் கட்டிவிட்டார். ஜெனிக்கு போன் போட்டு எப்போது வருகிறாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அத்தனை பேரும் டிகிரி வாங்கியவர்கள்.

நான் போட்டேன். அப்போதுதான் டிக்கெட் கிடைத்ததாம். இங்கே வந்து இறங்க நாளை மறுநாள் விடியற்காலை ஆகும்.

"மூடிடாதீங்க அங்கிள்... முகத்தைப் பாக்கணும்."

பிளெக்ஸ் வீணாகிறதே என்று தம்பி முனகினார். அதைப் போர்த்திக்கொண்டு தூங்கச் சொல்லிவிட்டு, ஃபாதரைப் பார்த்து மாற்றிவிட்டு வந்தேன். அடக்கம் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு. பிளெக்ஸை நம்பி யாரும் இன்று மாலையோடு கிளம்ப வேண்டாம்.

அண்ணியிடம் நானே சொன்னேன். அவர் சொன்னது போகிற கணக்கு, வருகிற கணக்கு வேறு என்று.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப... அவ்ளோ தூரத்துலயாங்க இருக்கா?"

பதில் சொல்ல வேண்டியவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் கமுக்கமாகப் படுத்திருக்கிறார்.

சந்தனசாமி... ஜெனி வர்ற வரைக்கும் அப்படியே கிடங்க. போறதுக்கு என்னங்க அவசரம்?