செவ்வாய், வெள்ளி மட்டும் ஆபரேஷன்

திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போகத்தான் போன வாரம் கிளம்பினேன். முந்தின நாளே வந்து மல்லசமுத்திரம் பக்கத்தில் என் கல்லூரித் தோழி கவிதா வீட்டில் தங்கினேன். கோயிலைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். நான் மலை ஏறவே இல்லை.

அதே வீட்டில் இருந்த கவிதாவின் தங்கை சுமதிக்கு ஒன்பதாம் மாதம். அவள் கணவர் போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். புதன்கிழமை காலை சாப்பிட்டு எழுந்தவளின் புடவை முழுக்க ரத்தம். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். எப்படிக் காத்திருப்பது? பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன் தன் வாடகைக் காரை எடுத்தார்.

எட்டு கிலோமீட்டரில் ஓர் அரசு மருத்துவமனை. பெயர் வேண்டாம். புதுக் கட்டடம், வாசலில் இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ சேவை என்று பெரிய பலகை. உள்ளே ஒரே ஒரு நர்ஸ். ஓடி வந்து சுமதிக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்.

“உடனே ஆபரேஷன் பண்ணோணுங்க. டாக்டரம்மா முகாமுக்குப் போயிட்டாங்க. மயக்க மருந்து டாக்டரு செவ்வாயும் வெள்ளியுந்தான் வருவாருங்க. ரத்தமும் இங்க இல்லீங்க. சேலத்துக்கே கொண்டு போயிருங்க.”

“ஏனுங்க, புதன்கெழம இப்படி ஆனா சாகறதுங்களா?” என்றார் முருகேசன் அண்ணன்.

நர்ஸ் சேலத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆபரேஷன் அறை பூட்டிக் கிடந்தது.

சேலத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டையாம்பட்டி கடைவீதியில் கார் ஊர்ந்தபோது சுமதி என் கையைப் பிடித்து, “அக்கா, கொழந்த அசையவே இல்லீங்க” என்றாள்.

சேலத்தில் காத்திருக்க வைக்காமல் உள்ளே கொண்டு போனார்கள். சுமதி பிழைத்தாள். பெண் குழந்தை பிழைக்கவில்லை. “இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாமே” என்றார் டாக்டர். சீக்கிரம்தான் போனோம், டாக்டர். போன இடத்தில் ஆள் இல்லை.

மறுநாள் சுமதியின் கணவர் வந்து சேர்ந்தார். “மாசாமாசம் அங்கதானுங்க செக்கப்புக்குப் போனா. ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க” என்றார்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கேட்டு வையுங்கள்: எந்தெந்த நாளில் ஆபரேஷன், மயக்க மருந்து கொடுக்க யார், ரத்தம் இருக்கிறதா, இல்லையென்றால் அடுத்து எங்கே போவது. கூப்பிட்டால் உடனே வரும் டிரைவர் ஒருவரின் எண்ணையும் வைத்திருங்கள். இதையெல்லாம் நிறைமாதக்காரி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், பிறகு எதற்கு அந்தக் கட்டடம்?

நேற்று கவிதா பேசினாள். சுமதிக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதாம். கதவைச் சாத்திக்கொண்டு, பீய்ச்சிக் கீழே ஊற்றுகிறாளாம்.