பாயிண்ட் ஐம்பத்திரண்டு

குமாரபாளையத்தில் என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1989 ஆவணியில். அதற்கு விலை விசாரித்தது முந்தைய மாதம். ஆடிப்பெருக்குக்குத் தங்கையை அழைத்துவரப் போயிருந்தேன். அதனால் மாதம் எனக்குப் பிசகாது.

அந்த வீட்டில் விசைத்தறி. கைலி நெய்தார்கள். ஒரு புதுக் கட்டம் போட வேண்டுமென்றால் கொஞ்சம் நெய்து சென்னை வியாபாரிக்குக் காட்ட வேண்டும். அவர் உதட்டைப் பிதுக்கினால் தறியில் ஏற்றிய பாவு நூலை மாற்றி மறுபடியும் நெய்ய வேண்டும். தங்கையின் கணவர் கோயமுத்தூரில் கணக்கு படித்தவர். கட்டத்தைத் திரையில் கலரில் வரைந்து காட்டிவிட்டால் போதும் என்று சொல்லி, அதற்கான புரோகிராமைத் தாமே நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவருடைய அப்பா ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தீபாவளிச் சரக்குக்கு வியாபாரி வரும்போது திரையைப் பார்த்து ஆர்டர் சொன்னால் மாப்பிள்ளை அந்த வேலையையே பார்க்கலாம். இல்லாவிட்டால் நூல் குடோன் சாவியை வாங்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். சாம்பிராணிப் புகை பிடிக்காதவரைக் கோயிலில் உட்கார வைப்பது போலத்தான் அது. பஞ்சுத் தூசி பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும்.

சேலத்துக் கடை ஒன்று இரண்டு மானிட்டருக்கு விவரம் அனுப்பியிருந்தது. இரண்டும் பதினாலு அங்குலம், விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் டாட் பிட்ச் பாயிண்ட் முப்பத்தொன்று, இன்னொன்றில் பாயிண்ட் ஐம்பத்திரண்டு. மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்றால் கடையில் இரண்டுமே இல்லை. முன்பணம் கட்டினால்தான் சென்னையிலிருந்து வரவழைப்பார்களாம். எது நல்லது என்று கடைக்காரரைக் கேட்டோம்.

"ரெண்டுமே நல்லாப் போகுதுங்க."

"அந்த நம்பருக்கு என்னங்க அர்த்தம்?"

"அது கம்பெனி போடற நம்பருங்க."

நான் புத்தகம் படிக்கிறவன் என்று அந்த வீட்டில் ஒரு பெயர் உண்டு. சேலம் நூலகத்தில் கம்ப்யூட்டர் பற்றி இருந்த இரண்டு புத்தகத்தையும் புரட்டினேன். பூஜ்யம், ஒன்று என்று விலாவாரியாக இருந்தது. திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கிடைத்த ஒரே துப்பு, கடைக்காரர் அனுப்பிய தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக அச்சாகியிருந்த மி.மீ. என்ற அளவு.

துணியில் இழை எண்ணுவதற்கு அவர்கள் வீட்டில் பிக் கிளாஸ் என்ற சின்ன மடக்குக் கண்ணாடி உண்டு. அதைக் கலர் டி.வி.யின் மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளி புள்ளியாக இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளிக்கும் அடுத்த சிவப்புப் புள்ளிக்கும் உள்ள தூரமாக இருக்கலாம் அந்த மி.மீ. என்று தோன்றியது. அப்படியானால் எண் குறையக் குறையப் புள்ளி நெருங்கும், படம் நயமாக இருக்கும். மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னேன்.

"ஏந்தம்பி, நாப்பதாம் நம்பர் நூல் நயமா, எம்பதாம் நம்பர் நயமா?"

"எம்பதுதானுங்க மாமா."

"அப்பறம் என்ன? நம்பர் ஏறுனா நயம். சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும்."

"நூலுக்கு அப்படிங்க. இது இடைவெளிங்க மாமா. நீங்களே பாருங்க."

பிக் கிளாஸை வாங்கி டி.வி.யில் வைத்துக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"புள்ளி ஒவ்வொண்ணும் என்ன சுத்தமாத் தெரியுது! பெரிய நம்பர்னா இன்னும் நல்லாத் தெரியுமில்ல?"

மாப்பிள்ளையைப் பார்த்தேன். கல்லூரியில் அவர் பார்த்தது கருப்பு வெள்ளைத் திரைதான். "மச்சான் சொல்றதுலயும் ஒரு இது இருக்குதுங்கப்பா" என்று ஆரம்பித்தார். "உம் மச்சான் என்னைக்குத் தறி ஓட்டுனாரு?" என்றார் அப்பா. பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கும் நிச்சயமாகத் தெரியாதே. ஒரு பொடி எழுத்தை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் அடித்துப் பேச முடியும்? பாயிண்ட் ஐம்பத்திரண்டுக்குப் பணம் கட்டப்பட்டது.

வியாபாரி வந்தது புரட்டாசியில், முதல் சனிக்கிழமை கழிந்து. மாப்பிள்ளை என்னையும் வரச் சொல்லியிருந்தார். அரக்குச் சிவப்பில் பச்சைக் கட்டம். சிவப்பை ஒட்டி ஒற்றை இழையாக மஞ்சள் ஓட வேண்டும். அந்த மஞ்சள்தான் அவர் கண்டுபிடித்த அழகு. முந்தைய ராத்திரி வரைக்கும் அதை ஒரு பக்கம் நகர்த்துவதும் மறுபடி பழைய இடத்தில் வைப்பதுமாக இருந்தாராம்.

வியாபாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"கலரெல்லாம் ஜோரா இருக்கு. மஞ்சள் போட்டிருக்கேன்னீங்களே, எங்கே?"

"அந்தச் சிவப்பை ஒட்டிங்க."

"அங்கே ஆரஞ்சா என்னமோ ஈஷியிருக்கே. சாயம் போன துணியாட்டம்."

"இல்லீங்க, தனி இழைங்க. நெய்யும்போது தனியாத் தெரியும்."

"அப்போ நெய்ஞ்சே காட்டுங்களேன். இதை எதுக்குக் காட்டறீங்க?"

மாப்பிள்ளை மஞ்சளை இரண்டு இழையாக்கினார். மூன்றாக்கினார். மஞ்சள் தெரிந்தது, ஆனால் கட்டமே மாறி ஜமுக்காளம் மாதிரி ஆகிவிட்டது. வியாபாரி சிரித்தார். நான் மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. அவருடைய அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "மெசினை நம்பி என்னங்க ஆகும்" என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து போன வருஷத்துத் துணிகளை எடுத்து விரித்தார். பழைய நீலக் கட்டத்துக்கே ஆர்டர் ஆயிற்று.

எல்லாரும் சாப்பிட எழுந்த பிறகு மாப்பிள்ளை பிக் கிளாஸைத் திரைமேல் வைத்துப் பார்த்தார். என்னிடமும் நீட்டினார். டி.வி.யில் நான் பார்த்ததைப் போலவே சிவப்பு, பச்சை, நீலம். அவர் ஓட்டிய ஒற்றை மஞ்சள், தள்ளித் தள்ளி நின்ற அந்தப் புள்ளிகளுக்குள் நிற்க இடமில்லாமல் சிதறிக் கிடந்தது.

"அந்த இன்னொண்ணை வாங்கியிருந்தா தெரிஞ்சிருக்குமாங்க மச்சான்?"

ஆமாம் என்றால் அப்பாவின் மேல் கோபம் வரும். இல்லை என்றால் தன் புரோகிராமின் மேல் நம்பிக்கை போகும். ஆனால் நான் அதையெல்லாம் யோசித்துப் பதில் சொல்லவில்லை. பாயிண்ட் முப்பத்தொன்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

"தெரியலீங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு சுவிட்சை அணைத்தார். உள்ளேயிருந்து அப்பா இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார். மறுநாள் நான் பஸ் ஏறப் புறப்பட்டபோது, மாப்பிள்ளை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குடோன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். தங்கை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து அவளைக் கூப்பிடுவது போலவே, "போய்ட்டு வாரேன் சாமி" என்றேன்.