எவெலியோவின் மூன்றாவது விண்மீன்

எங்கள் சிற்றூரான கலமோச்சாவில் வீடு வீடாக எரிவாயு சிலிண்டர் போடும் எவெலியோவுக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. என் இறைச்சிக் கடைக்கு வந்தால் தராசைத் தொடுவான், கத்தியைத் திருப்பி வைப்பான். "கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று நான் கத்தாத நாளில்லை. அந்த மனுஷன்தான் இருபத்திரண்டு வருடமாகத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, ஒன்றையொன்று சுற்றும் விண்மீன் ஜோடிகளைப் படமெடுத்து, இடைவெளியையும் கோணத்தையும் அளந்துகொண்டிருந்தான். எங்கள் ஊர் வானியல் சங்கத்தில் மொத்தமே பதினோரு பேர். அளவுகளைப் பட்டியலில் ஏற்றும் செயலாளர் நான்.

யார் யாரோ கண்டுபிடித்த ஜோடிகளையே அளந்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. தன் பெயரில் ஒன்றே ஒன்று வேண்டும் என்ற ஆசை அவனை அரித்தது. எனக்கும் அந்த ஆசை உண்டு, பொய் சொல்வானேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, தெருவை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். கைபேசியில் ஒரு படம். ஒரே வரிசையில் மூன்று புள்ளிகள், நடுவில் இருப்பது பளிச்சென்று, இரு பக்கமும் மங்கலாக.

"ரெட்டை இல்ல கசில்டா, மூணு! நூறு வருஷமா எவன் கண்ணுலயும் படல!"

"எவ்வளவு நேரம் வெளிச்சம் விட்டே?"

"எட்டு மில்லிசெகண்ட். அதுக்கு மேல விட்டா காத்துல ஆடி புள்ளியெல்லாம் ஒட்டிக்குது. மங்கலாகாம இருக்க கேமராவோட கெயின ஏத்தி வச்சு ரெண்டாயிரம் படம் எடுத்தேன். நல்லா வந்த இருநூற சாஃப்ட்வேரே பொறுக்கி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிடுச்சு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் தூரம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. அந்த ஜோடியில் இரண்டுக்கும் ஒரே வெளிச்சம். காற்று ஆடும்போது ஒரு படத்தில் இது பிரகாசமாகத் தெரியும், அடுத்ததில் அது. சாஃப்ட்வேரோ பிரகாசமானதை நடுவில் வைத்துத்தான் அடுக்கும். நடுவில் வைக்கும் விண்மீன் மாறும்போதெல்லாம் அதன் துணை எதிர்ப்பக்கம் போய் விழுந்து, இல்லாத ஒன்று முளைத்துவிடும்.

"அடுக்காத தனிப் படம் ஒண்ணத் தொறந்து காட்டு" என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. "பொறாம புடிச்சவளே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சிலிண்டர் ஏறிய மாடியெல்லாம் செய்தியும் ஏறியது. மதியத்துக்குள் ரொட்டிக்கடைக்காரி வந்து, "நட்சத்திரத்துக்கு நம்ம எவெலியோ பேரையே வைக்கப்போறாங்களாமே, அக்கா?" என்றாள். சனிக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பெருநகர் சரகோசாவிலிருந்தும் விருந்தாளிகள் வருகிறார்கள்.

அந்த வாரம் ஒரு இரவுகூட அவன் தூங்கவில்லை. ஐந்து மில்லிசெகண்ட், பன்னிரண்டு, இருபது. கெயினை ஏற்றி, இறக்கி. காலையில் எனக்குச் செய்தி வரும்: "அஞ்சுலயும் மூணு." "பன்னெண்டுலயும் மூணு." அட முட்டாளே, கேமராவில் எதையெதையோ மாற்றுகிறாய், தனிப் படம் ஒன்றைத் திறந்து பார்க்க மட்டும் உனக்குத் தைரியம் வரவில்லையா! திட்டித் தீர்த்தேன். ஊர் முன்னால் அவன் மேடையேறி அவமானப்படுவதை நினைத்து எனக்கும் தூக்கம் போனது.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்று புள்ளிப் படத்தைத் திரையில் போட்டான். கை தட்டினார்கள். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தனிப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். இரண்டு. இரண்டு. மறுபடியும் இரண்டு.

"நேத்துதான் தொறந்து பாத்தேன். மூணாவது கெடையாது. சாஃப்ட்வேர் இதையும் அதையும் மாத்தி மாத்திப் புடிச்சிருக்கு. தொறந்து பாருன்னு கசில்டா அன்னைக்கே சொன்னா, நான்தான் கேக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இத்தோடு விட்டதே என்று மூச்சு விட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவன் என்னிடம் ஒரு தாளை நீட்டினான். "இந்த நாப்பத்து மூணையும் பட்டியல்லேருந்து எடுத்துடு."

எல்லாம் அவனுடைய பழைய அளவுகள். ஒரே வெளிச்சமுள்ள, நெருக்கமான ஜோடிகள். அதே முறையில் அடுக்கியவை; கோணம் தலைகீழாகப் பதிவாகியிருக்கலாம்.

"பைத்தியமா உனக்கு? மூலப் படத்த மறுபடி அடுக்கிப் பாரேன்."

"எடம் பத்தாம அதையெல்லாம் அழிச்சுட்டேன். எது சரி, எது தப்புன்னு இப்ப எனக்கே தெரியாது."

"ஒருத்தனும் பாக்கப் போறதில்லப்பா!"

"முந்நூறு வருஷத்துல ஒரு சுத்து சுத்துற ஜோடி இருக்கு. நாம போன பிறகு எவனோ என் அளவ நம்பிக் கணக்குப் போடுவான். அவன்கிட்ட வந்து அது தப்புன்னு நான் சொல்ல முடியுமா?"

கணினியைத் திறந்தேன். அவன் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நான் ஒவ்வொரு வரியாக நீக்கினேன். கடைசியில் இருந்தது அவன் முதன்முதலாக அளந்த ஜோடி. என் கை நின்றுவிட்டது.

"இத ஒண்ண மட்டும் விட்டுடவா?"

"அழி, கசில்டா."

அழித்தேன். அன்று அழுததுபோல், என் சொந்த அண்ணன் செத்தபோதுகூட நான் அழுததில்லை.