காயாத சறுக்குமரம்

மன்னார்புரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லையில் அப்பா ஒரு சறுக்குமரம் செய்தார். ஸ்ரீரங்கத்தில் யாரோ ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நல்ல தேக்குப் பலகைகளாகப் பார்த்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவுக்கு ஆபீஸ் உத்தியோகம். சுத்தியலால் அவர் ஆணியை அடித்ததைவிடத் தன் கட்டைவிரலை அடித்துக்கொண்டதே அதிகம். ஆனாலும் ஏணியும் சறுக்குப் பலகையும் ஒருவழியாக எழுந்து நின்றன.

பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். எங்கள் தொடையில் சிராய் ஏறிவிடக் கூடாதாம். சோதிப்பதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மேலேறிச் சறுக்கி, பாதியில் சிக்கிக்கொண்டார். அம்மாதான் காலைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேல்பூச்சு இல்லாவிட்டால் மரம் ஊறி வெடித்துவிடும். ஆபீஸ் நண்பர் ஒருவர் மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை டின்னோடு கொடுத்தார். அப்பா அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதில் ஈயம் இருக்கிறது, வயிற்றுக்குள் போனால் விஷம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று வயதுத் தம்பியோ எதைக் கண்டாலும் நக்கிப் பார்க்கிறவன். அதனால் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி, காவிப்பொடியைக் குழைத்து, பழந்துணியால் மரம் முழுக்கப் பூசினார். செம்மண் நிறத்தில் அது அப்படி ஒரு அழகாக இருந்தது. காய்வதற்குத்தான் மனசு வரவில்லை. தினமும் காலையில் அப்பா வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்ப்பார். துணி சிவக்கும். நானும் தம்பியும் முகம் தொங்கிப்போய் நிற்போம்.

ஒரு சனிக்கிழமை துணி வெள்ளையாகவே வந்தது. “காஞ்சிருச்சு, ஏறுங்க” என்று சொல்லிவிட்டு அப்பா ஆபீஸுக்குக் கிளம்பினார். கொய்யாமர நிழல் விழுகிற நடுப்பலகையை அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

எத்தனை தடவை சறுக்கினேன் என்று தெரியாது. தாகம் எடுத்து அடுக்களைக்குப் போனேன். உறையூரிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியதும் என் பாவாடையைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

“அடியாத்தி! அப்படியே நில்லு. எதையும் தொடாத!”

என்னைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய் ஒரு மூலையில் உட்காரவைத்தாள். அம்மா ஓடிவந்தாள். நான் பெரியவளாகிவிட்டேன் என்றாள் அத்தை. காலையில் இருந்த உயரம்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“இப்பதானே அண்ணி பத்து முடிஞ்சிருக்கு.”

“அதுக்கென்ன? நல்ல சேதிதானே. உன் அண்ணனுக்குச் சொல்லி விடு, தாய்மாமன் சீர் கொண்டு வரணும். இனிமே இவளுக்கு ஸ்கூலும் வேணாம், சறுக்குமரமும் வேணாம். என் மகனும் வளந்து நிக்கிறான், ரெண்டு மூணு வருஷத்துல பேசி முடிச்சிடலாம்.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து அழ ஆரம்பித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்பா வந்தார். கூடத்தில் அத்தை விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கொல்லையிலிருந்து தம்பி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். அவனுடைய வெள்ளை டிராயரின் பின்பக்கம் முழுக்க ஒரே சிவப்பு.

அப்பா குனிந்து முகர்ந்து பார்த்தார். “ஆளிவிதை எண்ணெய், அக்கா! நடுவுல காயல போலிருக்கே” என்றார்.

அத்தை ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாவி, என்னை இப்படி ஏமாத்திட்டியே!” என்று அப்பாவின் தோளில் ஒரு அடி வைத்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. மூலையிலிருந்து என்னை அள்ளி எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் காவி ஒட்டியது.

“போ, போய் விளையாடு” என்றாள்.

“இன்னும் காயலம்மா.”

“காயாட்டி என்ன? துவைச்சுக்கலாம். போ.”

அன்று சாயங்காலம் வரை சறுக்கினேன். அம்மா என்னைத் தண்ணீர் எடுக்கக் கூப்பிடவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. துவைகல்லில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் களைத்துப்போய்க் கீழே நின்றபோதும், “இன்னொரு தடவை ஏறு, கண்ணு” என்றாள். எதற்காக அப்படிக் கெஞ்சுகிற மாதிரிச் சொல்கிறாள் என்று தெரியாமலே ஏணியில் காலை வைத்தேன்.