மரியாதை அறுந்த இடம்

வேறு நாட்டுப் படத்தை வாங்கித் திரும்ப எடுப்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அதுவும் அசல் எங்கள் டென்மார்க் படம், திரும்ப எடுத்தவர்கள் கொரியர்கள் என்றால் கேட்க வேண்டுமா? கொரிய நாடகங்களில் ஊறிப்போன மனைவிக்காகத்தான், நாங்கள் இருக்கும் ஹேர்னிங் நகரில் ஒரு மழை ஞாயிறு, மகளோடு நானும் அதைப் பார்க்க உட்கார்ந்தேன்.

கதை அதேதான். கொலைகாரர்களைத் துரத்திக்கொண்டு ஓடும் இளம் பொலிஸ்காரன், தன் மேலதிகாரியே அவர்களின் ஆள் என்று கடைசியில் கண்டுபிடிக்கிறான். டெனிஷ் படத்தில் அந்த இடத்தில் துவக்கு வெடிக்கும். கொரியன் துவக்கைத் தொடவே இல்லை. மெதுவாக ஒரு வசனம் சொன்னான். மேலதிகாரியின் முகம் செத்துப்போனது.

“பாத்தீங்களே, மரியாதையை விட்டிட்டான்! இவ்வளவு நேரமும் நீங்கள் எண்டவன், இப்ப நீ எண்டிட்டான்,” என்று மனைவி துள்ளினாள்.

சப்டைட்டிலில் இரண்டுக்கும் ‘டு’ என்றுதானே போட்டிருக்கிறது என்று மகள் டெனிஷில் கேட்டாள். உண்மைதான். டெனிஷில் அரசரைத் தவிர எல்லோரும் ‘டு’தான், அதாவது ‘நீ’தான். அந்த மொழியில் இப்படி ஓர் அறை கொடுக்கவே முடியாது. திரும்பப் போட்டுக் கேட்டோம். ஒரு சொல்லின் வால் அறுந்தது, அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்தது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. “எண்டாலும் கொப்பிதானே,” என்றேன்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ பேசாமல் இரு,” என்றாள்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னை ‘நீங்கள்’ என்று மட்டுமே சொன்னவள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சப்டைட்டில் தேவைப்படவில்லை.