சோடாவுக்குச் சத்தம் இல்லை

"இப்போ எதைக் கழுவுறே?"

படுக்கையிலிருந்து செரேன் கேட்டாள். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவு எப்போதும் திறந்தே கிடந்தது.

"கறிப் பாத்திரம்," என்றான் மிக்ஷா.

"நீல பேசின் சத்தம்ல கேட்டுது."

கையிலிருந்ததைப் பார்த்தான். நீல பேசின்தான். ஓசைப்படாமல் அதை ஆணியில் மாட்டிவிட்டு, சிவப்பு பேசினை எடுத்து சிங்க்குக்குள் வைத்தான். அடியில் எனாமல் பெயர்ந்துபோன பேசின். வைத்ததும் தொண்டை கட்டியவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

"ம். இதுதான்," என்றாள் செரேன்.

ஜனவரியில் படிக்கட்டுப் பனியில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் ரொட்டியும் ஆப்பிளும் தவிர அவள் எதையும் தொடவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். அன்றிலிருந்து படுத்தபடியே, காதால் சமையலறையை நடத்தி வந்தாள்.

சிங்க் ஒன்றுதான். போருக்குப் பிறகு தோப் தெருவின் அந்தப் பெரிய வீட்டைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். சமையலறையில் இருந்த இரண்டு சிங்க்குகளில் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம், பார்த்தோஷ் அம்மாவிடம் போய்விட்டது. இன்னொன்று வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மிக்ஷா மூன்று மனு எழுதினான். குழாய் தாங்காது என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. பிறகு அவனே மரச்சட்டம் அறைந்து இரண்டு பலகைகள் செய்தான். கறிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று; யூத விதிப்படி இரண்டும் ஒரே பாத்திரத்தில் கலக்கக்கூடாது. சிங்க்கின் கல்லில் பாத்திரம் படக்கூடாது. முதலில் பலகை, அதன்மேல் அதற்குரிய பேசின் (கறிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம்), பேசினுக்குள் பாத்திரம். பதினேழு வருஷம் செரேன் அந்த ஒரே சிங்க்கில் இரண்டு சமையலறை நடத்தினாள்.

மிக்ஷா டிராம் டிப்போவில் பிரேக் கட்டை மாற்றுகிறவன். கடவுளைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. போரின்போது யூதர்களுக்கான கட்டாய வேலைப் படையில் உக்ரைன் பனியில் செத்த குதிரையைத் தின்று திரும்பி வந்தவன். கல்யாணத்துக்கு முன் செரேன் ஒன்றுதான் சொன்னாள். "நீ எதை வேணா நம்பு, நம்பாம போ. என் அடுப்படியில கறி வேற, பால் வேற." அவ்வளவுதானே என்றான் அவன். அவ்வளவுதான் என்றுதான் அவள் படுக்கையில் விழும்வரை நினைத்திருந்தான்.

முதல் வாரத்திலேயே நான்கு கரண்டிகளைக் குழப்பினான். செரேனின் அம்மா வழக்கப்படி அவை வெளி நடையில் இருந்த ஜெரேனியத் தொட்டி மண்ணில் குத்தி வைக்கப்பட்டன. பிறகு கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். உலோகத்துக்கு மன்னிப்பு உண்டு. நடையைப் பெருக்க வந்த பார்த்தோஷ் அம்மா தொட்டியில் நின்ற கரண்டிகளை எண்ணினாள்.

"என்ன மிக்ஷா ஐயா, இந்த வருஷம் கரண்டி நல்ல விளைச்சலோ?"

"அடுத்த மாசம் முள்கரண்டி போடலாம்னு இருக்கேன்."

"உங்க இன்னொரு சிங்க் என்கிட்டதானே இருக்கு. இன்னிக்குக் காலையில அதுலதான் பன்னிக் கொழுப்பு வாணலியைக் கழுவினேன். செரேன்கிட்ட சொல்லிடாதீங்க, எந்திரிச்சு ஓடி வந்துடப் போறா."

"எந்திரிச்சு வருவான்னா நானே சொல்றேன்."

எலும்பு கூட வேண்டுமானால் தினமும் மாட்டெலும்பு சூப்பு கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். செரேன் அதை ஒரு பாத்திரத்தில்தான் குடிப்பாள். மூடி போட்ட பீங்கான் கும்பா. விளிம்பில் பச்சை இலை, ஒரு காதில் சின்ன விரிசல். அவளுடைய அம்மா நாற்பத்துநாலில் முகாமுக்கு ரயிலேற்றப்படுவதற்கு முன் அதை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்திருந்தாள். திரும்பி வந்த செரேன் போய் நின்றபோது அந்தப் பெண் பரணில் வைக்கோலுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். "இதுல நாங்க ஒரு வாய்கூடச் சாப்பிடல. கர்த்தர்மேல ஆணை." மனிதர்களும் இல்லை, வீடும் இல்லை. கும்பா மட்டும் திரும்பி வந்தது. அந்த ஒருத்தியின் வார்த்தையை நம்பி அதில் செரேன் சாப்பிட்டு வந்தாள்.

கழுவுவதற்கு அவள் வைத்திருந்த வரிசை மாறாதது. பேசினில் முதலில் ஒரு கைப்பிடி சலவை சோடா. பிறகு வெந்நீர். பிறகு பாத்திரம். டிப்போவின் இரும்பும் எண்ணெயும் ஏற்கெனவே மிக்ஷாவின் விரல்களைப் பிளந்திருந்தன. சோடா பட்டால் உயிர் போனது. பிப்ரவரி நடுவிலிருந்து அவன் சோடா போடுவதை விட்டுவிட்டான். பேசினுக்குச் சத்தம் உண்டு, குழாய்க்குச் சத்தம் உண்டு, பலகைக்குக்கூட உண்டு. சோடாவுக்குச் சத்தம் இல்லை.

அது ஒரு புதன்கிழமை. காலை ஷிப்ட் முடித்து வந்து சூப்பு கொடுத்தான். காலியான கும்பாவைச் சிவப்பு பேசினில் போட்டு வெந்நீர் ஊற்றி ஊறவிட்டான். இரவு ரவைக் கஞ்சிக்கான பாலைக் காய்ச்ச வைத்துவிட்டு, ஒரு சிகரெட்டுக்காக நடைக்குப் போனான். பார்த்தோஷ் அம்மா தன் மருமகனைப் பற்றி ஆரம்பித்தாள்.

"மிக்ஷா! பால்!"

ஓடினான். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. கைப்பிடியைத் துண்டில்லாமல் பிடித்தான். பிளந்த விரலில் சூடு ஏறியது. பக்கத்தில் இருந்தது சிங்க்தான். பானை சாய்ந்து, பாதிப் பால் ஆவியோடு கும்பாவின் மேல் கொட்டியது.

அடுப்பை அணைத்தான்.

"எங்கே ஊத்தினே?"

அவன் பானையைத் திரும்ப அடுப்பில் வைத்தான்.

"மிக்ஷா, சிங்க்ல எது இருந்துச்சு?"

"சிவப்பு பேசின்."

"அதுக்குள்ளே?"

"கும்பா."

கட்டில் கிறீச்சிட்டது. எழ முயன்று முடியாமல் மறுபடி சாய்ந்தாள். "பீங்கானுக்குப் பரிகாரமே கிடையாதுடா மிக்ஷா. மண்ணுல குத்தினாலும் போகாது, கொதிக்க வெச்சாலும் போகாது." குரல் உடைந்தது. பிறகு திடீரென்று, "இரு. தண்ணியில சோடா போட்டிருந்தேல்ல?"

"போட்டிருந்தேன்."

யோசிக்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. அறையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"அப்போ பயமில்லேன்னு நினைக்கிறேன். ஆனாலும் நானா முடிவு பண்ணக்கூடாது. ரப்பிகிட்ட எடுத்துட்டுப் போ. நடந்ததை நடந்தபடி சொல்லு."

கும்பாவைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனான். மதகுருவான ரப்பி ஹோர்னுங் மனைவியை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர். தொழுகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கோட்டைக் கழற்றாமல் கணப்பருகே உட்கார்ந்திருந்தார்.

"மிக்ஷாவா? உங்களை இங்கே பார்த்தா பூமி குலுங்கும்னு நினைச்சேன். கணப்புகூட ஆடல. செரேன் எப்படி இருக்காங்க?"

"காது நல்லா இருக்கு."

ரப்பி சிரித்தார். மிக்ஷா கும்பாவை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னான். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்றைக்கே கறிச் சூப்பு இருந்ததா? இருந்தது. கொழுப்பு ஒட்டியிருந்ததா? ஆமாம். தண்ணீர் சூடா? சூடு. பால் அடுப்பிலிருந்து நேராகவா? நேராக. ஒவ்வொரு பதிலுக்கும் ரப்பியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. கும்பாவின் விரிசல் விழுந்த காதை விரலால் தடவினார்.

"இது வந்த கதை எனக்குத் தெரியும்," என்றார். "சரி. தண்ணியில சாம்பலோ சோடாவோ இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

மிக்ஷா யோசித்தான். யோசிக்க ஒன்றும் இல்லை. இல்லை என்று சொன்னால் கும்பாவை இங்கேயே விட்டுவிட்டு வெறும் பையோடு போக வேண்டும். அவள் பையின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வாள்.

"ஒரு கைப்பிடி," என்றான்.

"ஒரு கைப்பிடியா! அந்தத் தண்ணியை நாய்கூட நக்காது. ருசி கெட்டுப்போனது எதையும் கெடுக்காது. தாராளமா சாப்பிடச் சொல்லுங்க. பால் பானையை மட்டும் எதுக்கும் கொதிக்க வெச்சு எடுத்துடுங்க." செய்தித்தாளை அவரே மறுபடி சுற்றிக் கொடுத்தார். "உங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லேன்னு செரேன் சொல்லியிருக்காங்க. பரவாயில்ல. அடுப்படியை உங்க கையில விட்டிருக்காங்கல்ல, எனக்கு அது போதும்."

மறுநாள் செரேன் கும்பாவை மடியில் வைத்துக்கொண்டு சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "நீ இல்லேன்னா இது போயிருக்கும். நான்கூட என்னிக்காவது சோடாவை மறந்திருப்பேன், நீ மறக்கல பாரு." அவன் வெற்றுக் கும்பாவை வாங்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து இரண்டு கைப்பிடி சோடா போட்டான். விரல்களில் இரத்தம் கசிந்தது. கும்பாவில் பட்ட அவளுடைய கரண்டியை அவள் தூங்கும்போது கொதிக்க வைத்தான்.

வேறொன்றும் நடந்தது. அவனால் அந்த வீட்டில் சூப்பு குடிக்க முடியவில்லை. அவன் தட்டு வேறு, கும்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உள்ளறையில் அவள் கரண்டி கும்பாவில் தட்டும் சத்தம் கேட்டதும் தன் கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். ஜன்னலருகே நின்று ரொட்டியும் வெங்காயமும் தின்றான். குதிரையைத் தின்றவனுக்கு இது என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டான். கடவுள் பார்க்கிறார் என்ற பயம் அவனுக்கு இல்லை. பார்க்காத ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"ஏன் சாப்பிடலே?"

"டிப்போவுல சாப்பிட்டேன்."

"தினமுமா? டிப்போவுல என்ன, விருந்தா நடக்குது?"

மூன்று வாரம் போயிற்று. கோலூன்றி நான்கு அடி நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று செரேன் வெகுநாள் கழித்துச் சிரித்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரப்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். பாவம், தனியா இருக்காரு. பார்த்தோஷ் அம்மா மூலமா சொல்லி அனுப்பிட்டேன். மேசை நடுவுல கும்பாவை வைக்கணும். அவர்தானே அதைக் காப்பாத்திக் கொடுத்தாரு, அவர் கையாலயே அதுலேருந்து எடுத்துக்கட்டும்."

வியாழன் மாலை மிக்ஷா இரண்டு தடவை அவள் கட்டிலருகே போய் நின்றான். முதல் தடவை தலையணையைச் சரி செய்துவிட்டு வந்தான். இரண்டாவது தடவை, "செரேன்," என்றான்.

"ம்?"

"அந்த எதிர்வீட்டுக்காரி சொன்னதை நீ எப்படி நம்பினே?"

அவள் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "நம்பலேன்னா எனக்கு என்ன மிச்சம் இருந்துச்சு, சொல்லு?"

அவன் திரும்பிச் சமையலறைக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை நண்பகல் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிக்ஷா சிங்க்கிலிருந்து சிவப்பு பேசினை எடுத்தான். மரப்பலகையையும் எடுத்துச் சுவரில் சாய்த்தான். கல் வெறுமையாக இருந்தது. கும்பாவை அலமாரியிலிருந்து இறக்கி இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தான். விட்டான்.

பெரிய சத்தம். மூடி தனியாக உருண்டு தரையில் உடைந்தது. பிறகு கோல் தரையில் ஊன்றும் ஓசை. ஒன்று, இரண்டு. நான்கு அடி அல்ல, பத்து அடி நடந்து செரேன் நடுக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தன் சமையலறையைப் பார்த்தாள்.

"கை வழுக்கிடுச்சு," என்றான்.

"பதினேழு வருஷத்துல நீ ஒரு கிளாஸ்கூட உடைச்சதில்லையே," என்றாள். அழவில்லை. பச்சை இலைத் துண்டு ஒன்று அவள் காலருகே கிடந்தது. குனிய முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண் சுவர்ப் பக்கம் போனது.

"பலகை ஏன் வெளியே இருக்கு?"

"தேய்க்கலாம்னு எடுத்தேன்."

பலகை உலர்ந்திருந்தது.

சாயங்காலம் அவள் ஓய்வுநாளுக்கான மெழுகுவத்தி ஏற்றினாள். ரப்பி வந்து உடைந்ததைக் கேட்டு வருத்தப்பட்டார். "காப்பாத்தினது மூணு வாரம்தானா? என் தீர்ப்புக்கு அவ்வளவுதான் ஆயுள் போல." சூப்பைப் பானையிலிருந்து நேராகத் தட்டுகளில் ஊற்றினார்கள். செரேன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பரிமாறினாள். மிக்ஷா தலை நிமிராமல் குடித்தான். எலும்பை உறிஞ்சினான். ரொட்டியால் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினான்.

"ஆளுக்கு நல்ல பசி," என்றார் ரப்பி.

"ஆமா," என்றாள் செரேன். "மூணு வாரமா இல்லாத பசி."

அகப்பை பானைக்கு மேல் நின்றது. தட்டை நீட்டியிருந்த கையின் வெடிப்புகளை அவள் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு விளிம்பு வரை ஊற்றினாள்.

அவள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்த வாரம் முக்காலி ஒன்றைச் சிங்க்கருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானே கழுவத் தொடங்கினாள். சோடாவைத் தன் கையாலேயே அள்ளிப் போட்டாள். மிக்ஷா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தான். கறி வாங்கினான், பால் காய்ச்சினான், அடுப்பைத் துடைத்தான். சிங்க்கின் பக்கம் மட்டும் அவள் அவனை விடவில்லை. பாத்திரம் துடைக்கிற வேலை அவனுக்கு. அவள் ஈரப் பாத்திரத்தை நீட்டுவாள். அவன் கை நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"எந்தத் துண்டு?"

"சிவப்புக் கரை," என்பாள் செரேன், அவன் பக்கம் திரும்பாமல்.